எல்டிஎல்லுக்குச் சிவப்புக் குறி இல்லை. பிறகு மாத்திரை எதற்கு?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு வயது 61. இனிப்பு நீர் (நீரிழிவு) நோய்க்குப் பத்து ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சென்ற மாதம் ஒரு காலையில் வலது கையிலிருந்த தே கோப்பை நழுவி விழுந்தது, வாயும் கோணியது. அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. சிறு பக்கவாதம் என்றார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 9.2 mmol/L, எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரி) 8.1%, டிரைகிளிசரைடு (இரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பு) 3.4 mmol/L, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 2.9 mmol/L. பரிசோதனைத் தாளில் எல்டிஎல்லுக்கு மட்டும் அளவு மீறியதைக் காட்டும் சிவப்புக் குறி இல்லை. அப்படியிருக்கக் கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு? காசு கொடுத்து ஹோமோசிஸ்டீனும் (இரத்தத்திலுள்ள ஓர் அமினோ அமிலம்) பார்க்க வேண்டுமா? தலை சுற்றுகிறது என்று கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

பதில்: போகிற போக்கில் நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் வரிதான் முதலில் என் கண்ணில் பட்டது. பக்கவாதத்துக்கான காரணங்களில் இரத்தக் கொதிப்பே முதன்மையானது. அது எந்த இரத்தப் பரிசோதனைத் தாளிலும் அச்சாகி வருவதில்லை. நாளைக்கே அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, உட்கார்ந்தும் எழுந்து நின்றும் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எழும்போது அழுத்தம் இறங்குவதால் தலை சுற்றுகிறது என்றால், மருந்தையோ அளவையோ மருத்துவர் மாற்றித் தருவார். சிறு பக்கவாதத்துக்குப் பின் பெரும்பாலானோருக்கு 130/80க்குக் கீழ் வைத்திருப்பதே நோக்கம்.

எல்டிஎல்லுக்கு வருகிறேன். தாளில் அச்சிட்ட அளவு பொதுவானவர்களுக்கு உரியது. மூளைக்குப் போகும் குழாய் ஒருமுறை அடைத்துத் திறந்துவிட்ட, அதோடு இனிப்பு நீரும் உள்ள ஒருவருக்கு அது பொருந்தாது. குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்தவர்களுக்கு நாங்கள் 1.8க்குக் கீழ் கொண்டுவர முயல்கிறோம். நீங்கள் கேட்ட கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டேட்டின் கொழுப்பைக் குறைப்பதோடு, அந்தப் படிவு வெடித்து இரத்தம் உறையாதபடி அதைக் கெட்டிப்படுத்தவும் செய்கிறது. அதனால் 2.9 அப்பாவுக்கு 'நார்மல்' இல்லை.

சர்க்கரையும் டிரைகிளிசரைடும் சேர்ந்து உயர்ந்திருப்பது, உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்கவில்லை என்பதற்கான அடையாளம். அப்படிப்பட்டவர்களிடம் பக்கவாதம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: இரத்தம் கொடுக்கும் முன் அப்பா கெட்டிப்பால் ஊற்றிய தே குடித்தாரா? "தண்ணிதானே டாக்டர்" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு கோப்பை சர்க்கரை அளவைக் குழப்பிவிடும். டிரைகிளிசரைடையும் நம்ப முடியாமல் போகும். எச்பிஏ1சி அப்படி ஏமாறாது. ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்வதால், 8.1 என்பது அன்றைய தேயின் கணக்கு அல்ல. (இரத்த சோகையோ, பரம்பரை இரத்தக் கோளாறான தலசீமியாவோ இருந்தால் மட்டும் அந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும்.) பொதுவாக 7க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தாழ் சர்க்கரை வராதபடி மெல்ல இறக்கினால் போதும்.

ஹோமோசிஸ்டீனுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது உயர்ந்திருப்பவர்களுக்குப் பக்கவாதம் அதிகம் வருவது உண்மைதான். ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கு பி வைட்டமின்கள் கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்த, 2004இல் வெளியான பெரிய ஆய்வில், மறு பக்கவாதம் குறையவில்லை. அதற்குப் பதிலாக, மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம் என்பதால் அதன் அளவை மட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் மேற்கையில் கட்டும் இரத்த அழுத்தமானி ஒன்று வாங்குங்கள். காலையில் மாத்திரைக்கும் பசியாறுவதற்கும் முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு அளந்து, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மறுபடி கோப்பை நழுவினாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் நேரத்தைக் குறித்துக்கொண்டு 999ஐ அழையுங்கள். உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்குப் போகும் நேரமும் அதற்குள்தான் அடங்குகிறது.