எதிரணி ரசிகர்கள் நடுவே உட்காருவது பற்றி, நியூகாசில் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, மேலாளர் தம் மனைவியின் கால்பந்து சீசன் டிக்கெட்டை (பருவம் முழுவதும் ஒரே இருக்கைக்கான சீட்டு) ஒரு சனிக்கிழமைக்கு உங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்று வருகிற அணியோ நீங்கள் பள்ளத்தூரில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்துப் பற்று வைத்த லண்டன் அணியான ஆர்சனல் என்று எழுதியிருந்தீர்கள். சிவப்புச் சட்டை அணிந்து போகலாமா, ஆர்சனல் கோல் அடித்தால் கைதட்டலாமா, எந்த அணி என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது, நம் நிறத்தைப் பார்த்து ஏதும் சொல்லிவிடுவார்களோ என்பவை உங்கள் கேள்விகள். பொங்கலுக்கு வந்த இடத்தில், கொத்தமங்கலத்து வீட்டு முகப்பில் உட்கார்ந்து, நியூகாசிலில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் உரிமையில் பதில் எழுதுகிறேன்.

அவசியம் போய் வாருங்கள். ஆனால் சிவப்புச் சட்டையும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். அதற்கும் முன்னால், டிக்கெட்டை வாங்கிக்கொள்வதற்கு முன்பே, நீங்கள் ஆர்சனல் பக்கம் என்பதை மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். அவர் பெரும்பாலும் சிரித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா என்றுதான் கேட்பார். முடியாது என்று அவருக்குத் தோன்றினால், வேறொரு வாரத்துக்கு அழைத்துப் போவார். எப்படியானாலும் அது அவர் முடிவு செய்ய வேண்டியது.

நேற்று சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போயிருந்தேன். அங்கே எந்த ஊர்க்காரரும் எங்கேயும் நிற்கலாம். தன் ஊர் மாடு பிடிபடாமல் போனால் துண்டைச் சுழற்றலாம். பக்கத்தில் நிற்பவர் முறைப்பார், அவ்வளவுதான். இங்கிலாந்திலும் ரக்பிக்கோ கிரிக்கெட்டுக்கோ போனால் இரு தரப்பாரும் கலந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். கால்பந்து மட்டும் அப்படியில்லை. 1970களிலும் 80களிலும் அரங்குகளில் நடந்த அடிதடிகளின் விளைவாக, வருகிற அணியின் ரசிகர்களுக்குத் தனி வாயில், தனி இருக்கைப் பகுதி, நடுவே காவலர்கள் என்று ஆகிவிட்டது. உள்ளூர்ப் பகுதியில் உட்கார்ந்துகொண்டு எதிரணிக்குக் குரல் கொடுப்பவரை வெளியேற்றுவதற்குக் கிளப்பின் விதிகளிலேயே இடமுண்டு. பெரும்பாலும் அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான் இருக்கும். ஆனாலும் ஐம்பத்திரண்டாயிரம் பேர் கொள்ளும் நியூகாசில் அரங்கமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் நடுவரிசையிலிருந்து எழுந்து வெளியே நடந்து போவது நீண்ட தூரமாகத் தோன்றும்.

உங்களை வெளியேற்றுவதைவிடப் பெரிய விஷயம், அந்த இருக்கை யாருடையது என்பது. சீசன் டிக்கெட்டை நீங்கள் சினிமா டிக்கெட்டைப் போல நினைத்துவிடக் கூடாது. நம் பக்கத்தில் ஒரு குடும்பம் கோயிலில் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் செலுத்தும் வரி) கட்டித் தன் இடத்தை வைத்துக்கொள்வதற்கு நெருக்கமானது அது. தகப்பனுக்குப் பின் மகன், அவனுக்குப் பின் பேத்தி என்று அதே வரிசையில் அதே இருக்கையில் உட்காருகிறவர்கள் உண்டு. முன்வரிசைக் கிழவரும் பின்வரிசை அம்மாளும் இருபது முப்பது ஆண்டுகளாகப் பங்காளிகளைப் போல ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அந்த இடத்தில் அன்றைக்குப் புதுமுகம் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் எதைச் செய்தாலும், அவர்கள் உங்களைக் கேட்க மாட்டார்கள், உங்களை அழைத்து வந்தவரைத்தான் கேட்பார்கள். எங்கள் ஐயா பர்மாவின் மோல்மீனில் பெட்டியடிப் பையனாக (கடை வேலை பழகும் சிறுவனாக) இருந்தபோது, கடைக்கு வெளியே போனால் கடை விலாசத்தை முதுகில் எழுதிக்கொண்டு போவதாக நினைத்துக்கொள் என்று மேலாள் சொல்லி அனுப்புவாராம். பந்தாட்டக்காரர்களின் சட்டை முதுகில் பெயர் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். 2011 பிப்ரவரி 5ஆம் தேதி, அதே நியூகாசில், அதே ஆர்சனல். நியூகாசிலுக்கு வருமுன் நான்கு ஆண்டுகள் லண்டனில் இருந்த பழக்கத்தில் நானும் ஆர்சனல் பக்கம் சாய்ந்திருந்தேன். என்னை அழைத்துப் போன அலுவலக நண்பரிடம் அதைச் சொல்லவில்லை. முதல் நிமிடத்திலேயே ஆர்சனலுக்கு வால்காட் ஒரு கோல், மூன்றாம் நிமிடத்தில் ஜூரு ஒன்று, பத்தாம் நிமிடத்திலும் இருபத்தாறாம் நிமிடத்திலும் வான் பெர்சி. அரை மணி நேரத்துக்குள் நான்குக்குப் பூஜ்யம். கையை மேற்சட்டைப் பையில் இறுக்கி வைத்துக்கொண்டேன், ஆனால் நான்காவது கோலுக்கு முகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. முன்வரிசையில் இருந்த முதியவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் எங்களைச் சுற்றிச் சிலர் வீட்டுக்கே கிளம்பிவிட்டார்கள்.

பிற்பாதியில் ஆர்சனலின் டியாபி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். நியூகாசிலுக்குப் பார்ட்டன் இரண்டு பெனால்டிகளையும் பெஸ்ட் ஒரு கோலையும் அடிக்க, 87ஆம் நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து டியோட்டே அடித்த பந்து உள்ளே போய் நான்குக்கு நான்கு ஆனபோது, அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி இருந்தது. கல்லாய் உட்கார்ந்திருந்த என் தோளை அந்த முதியவர் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கி, "இப்போது சிரி, தம்பி" என்று அவர்கள் ஊர் வழக்கில் சொன்னார். அதில் பகை இல்லை. ஆனால் இடைவேளையில் கீழே அவர் என் நண்பரிடம், இவரை எங்கே பிடித்தாய் என்று கேட்டதும், அந்தப் பருவம் முழுவதும் அந்த வரிசையார் அவரை அதைச் சொல்லியே கிண்டல் செய்ததும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நண்பர் என்னை மறுபடி அழைக்கவில்லை.

இதற்குப் பரிகாரமாக அடுத்த முறை, வேறொருவரோடு போனபோது, நியூகாசில் கோல் அடித்ததும் நானும் குதித்துக் கத்தினேன். அது இன்னும் மோசம். பாட்டின் அடிகள் தெரியாமல் வாயசைப்பவனை அவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அடங்கி உட்கார்ந்திருக்கும் எதிரணிக்காரனிடம் காட்டும் மரியாதையை நடிப்பவனிடம் காட்டுவதில்லை. எல்லோரும் எழும்போது நீங்களும் எழுந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆட்டம் கண்ணில் படாது. கையைத் தூக்க வேண்டியதில்லை. நல்ல தடுப்புக்கோ, அடிபட்டு வெளியேறும் ஆட்டக்காரருக்கோ சுற்றியிருப்பவர்கள் கைதட்டினால், எந்த அணியாக இருந்தாலும் நீங்களும் தாராளமாகத் தட்டலாம். ஆர்சனல் கோல் அடித்தால் ஆட்டக்களத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். கைப்பேசியை மட்டும் எடுக்காதீர்கள், குடும்ப வாட்சப் குழுவுக்கு நீங்கள் அனுப்பும் பட்டாசுப் படம் பின்வரிசைக்காரருக்கு உங்களைவிடத் தெளிவாகத் தெரியும்.

உடை பற்றி இன்னொன்று. ஆர்சனல் சட்டைதான் என்றில்லை, சிவப்பும் வெள்ளையும் எந்த வடிவில் கலந்திருந்தாலும் அணியாதீர்கள். பக்கத்து ஊரான சண்டர்லாந்தின் நிறம் அது. நியூகாசில்காரர்களுக்கு ஆர்சனல் மேல் இருப்பது போட்டி, சண்டர்லாந்து மேல் இருப்பது தலைமுறை வழக்கு. வாசலில் பாதி இந்த அணி, பாதி அந்த அணி என்று இரு நிறத்தில் பின்னிய கழுத்துத் துண்டு விற்பார்கள். நடுநிலைக்கு அதுவே பொருத்தம் என்று உங்களுக்குத் தோன்றும்; வாங்காதீர்கள், வாடிக்கையாக வருகிற ரசிகர்கள் அதை ஏளனம் செய்வதுபோல வேறு எதையும் ஏளனம் செய்வதில்லை. கனமான கறுப்பு மேற்சட்டையும் கம்பளித் தொப்பியும் போதும்.

எந்த அணி என்று கேட்டால், இன்னாருடைய விருந்தாளி, ஆட்டம் பார்க்க வந்தேன் என்பது உண்மையான பதில், ஆட்டத்தின் நடுவே அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். தோண்டினால் பொய் சொல்லாதீர்கள், சின்ன வயதில் தொலைக்காட்சியில் ஆர்சனல்தான் பார்த்தேன் என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். 2003–04 பருவத்தில் ஆர்சனல் லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்பதை மட்டும் அன்றைக்கு வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வளர்க்க வேண்டுமென்றால், 2025 மார்ச்சில் வெம்பிளியில் நியூகாசில்காரர்கள் லிவர்பூலை வென்று லீக் கோப்பை வாங்கினார்களே, அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். 1955க்குப் பிறகு உள்நாட்டில் அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை. இடைவேளை பதினைந்து நிமிடமும் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

இடைவேளையில் மேலாளர் பீர் வாங்கித் தர முன்வரலாம். வேண்டாமென்றால் தேநீர் கேளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கினால் கீழ்த்தளத்திலேயே குடித்து முடித்துவிட வேண்டும். ஆடுகளம் கண்ணில் படுகிற இடத்தில் மது அருந்துவதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஒருவரை ஒருவர் கேலி செய்து பாடுவதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் எந்த அரங்கிலாவது மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் இறந்த 1958 மியூனிக் விமான விபத்தையோ, 1989இல் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கி 97 பேர் இறந்ததையோ வைத்து எவனாவது பாடினால், ஒரு புன்னகைகூட வேண்டாம்.

நிறத்தைப் பற்றிய பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு ஆண்டுகளில் இரண்டு முறை என் காதில் விழுந்திருக்கிறது, இரண்டும் வரும் வழியில், குடித்தவர்களிடமிருந்து. அரங்கினுள் இனவெறிக் கோஷம் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீங்கள் பதில் பேசாமல், வரிசை எண்ணையும் இருக்கை எண்ணையும் குறித்துக்கொண்டு, மேலாளரிடமும் பக்கத்தில் மஞ்சள் மேலங்கியுடன் நிற்கும் அரங்கக் காவலரிடமும் சொல்லுங்கள். பெரும்பாலும் உங்களுக்கு முன்பே அந்த வரிசையார் எழுந்துவிடுவார்கள்.

டிக்கெட்டைக் கிளப் வழியாக முறைப்படி உங்களுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அரங்கின் ஒரு கோடியில், லீசஸ் என்று சொல்லும் பக்கத்து மேல்தட்டில், ஆர்சனல் ரசிகர்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவார்கள். அவர்கள் பாடும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், அதுவும் கவனிக்கப்படும்.

நான் இம்மாதக் கடைசியில் திரும்புகிறேன். அந்த இருக்கை மேலாளரின் மனைவியுடையது என்பதால், அவருக்கு ஒரு டப்பா சீப்புச் சீடை செய்து கொடுக்கும்படி உங்கள் ஆத்தாவிடம் சொல்லுங்கள். பள்ளத்தூர் வந்து வாங்கிக்கொண்டு போகிறேன்.