தூக்கு திரும்பி வந்தால் கொள்ளை நிற்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போன மாதம் என் தம்பி கடை சாத்துகிற நேரத்தில் துப்பாக்கியைக் காட்டிக் கல்லாவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். தூக்குத் தண்டனையை எடுத்த பிறகுதான் இவர்களுக்கு இவ்வளவு துணிச்சல் என்கிறார்கள் எங்கள் வீட்டில். அதைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி இப்போது எப்படி இருக்கிறார் அம்மா? துப்பாக்கி முனையில் நின்றுவிட்டு வந்தவரின் அக்காவிடம் சட்டம் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

நம் தென்னாப்பிரிக்காவில் தூக்கு இருந்த காலத்தை நாம் மறந்துவிட்டோம். 1987-இல் மட்டும் பிரிட்டோரியா சிறையில் 164 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒரே நேரத்தில் ஏழு பேர் வரைக்கும் தொங்கவிட அங்கே வசதி இருந்தது. அந்த வருஷங்களில் கொலையும் கொள்ளையும் நின்றா போயின? 1995 ஜூன் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமித்துத் தூக்கை ஒழித்தபோது, நீதிமன்றத் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன் தீர்ப்பில் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார்: பிடிபடுவோம், குற்றம் நிரூபணமாகும், தண்டனை கிடைக்கும் என்ற பயம்தான் குற்றத்தைத் தடுக்கும், அந்தப் பயம்தான் நம் நாட்டில் இல்லை. இன்றைக்கும் அதே கதைதான்.

துப்பாக்கியோடு கொள்ளையடித்தால் முதல் தடவையே குறைந்தது பதினைந்து வருஷம் என்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, தக்க காரணம் இருந்தால்தான் நீதிபதி குறைக்கலாம். பதினைந்து வருஷம் என்பது சின்னத் தண்டனையா? உங்கள் தம்பி கடைக்குள் நுழைந்தவன் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான், ஏனென்றால் தான் மாட்டுவோம் என்றே அவன் நினைக்கவில்லை.

என் வீட்டில் ஒருமுறை பூட்டை உடைத்துப் புகுந்தவன் பிடிபட்டான். சாட்சி சொல்ல நான்கு தடவை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். முதல் தடவை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, அடுத்த தடவை வக்கீல் வரவில்லை, மூன்றாம் தடவை போலீஸ் டாக்கெட்டையே, அதாவது வழக்குக் கோப்பையே காணோம், நான்காம் தடவை ஐந்து நிமிஷத்தில் கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வெளியே வந்தால் அந்தப் பையன் படிக்கட்டில் உட்கார்ந்து, அவன் அம்மா ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், இருபது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவனை யாரும் தூக்கில் போட வேண்டாம். நீ செய்தது தப்பு என்று அன்றைக்கு ஒரு நீதிபதி அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும், எனக்கும் மனசு ஆறியிருக்கும். யாருமே சொல்லவில்லை, அவனும் நானும் அப்படியே வீட்டுக்குப் போனோம். ஆகவே கோபப்படுங்கள் அம்மா, ஆனால் தொலைந்துபோகிற டாக்கெட்டுகள்மேல் கோபப்படுங்கள். தம்பியின் கேஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்றார்கள் நம் பெரியவர்கள். பள்ளியில் பிரம்பை எடுத்தாயிற்று, இப்போது பெற்றோரும் கைவைக்கக் கூடாதாம். பிள்ளை எப்படி உருப்படும்?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பள்ளியில் அடிப்பதை 1996-இலேயே சட்டம் தடுத்துவிட்டது. வீட்டில் கண்டிப்பதற்காக அடித்தேன் என்று சொல்லித் தப்பிக்கும் வழியை 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் மூடிவிட்டது. நான் பிரம்படி வாங்கி வளர்ந்தவன் ஐயா. பஸ் தவறித் தாமதமாகப் போனதற்கு ஆறு அடி, உள்ளங்கை வீங்கி அன்று மதியம் பேனா பிடிக்க முடியவில்லை. மறுவாரமும் பஸ் தவறியது. அதற்குள் நான் அம்மாவின் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொண்டிருந்தேன், ‘மகனுக்கு வயிற்றுவலி’ என்று நானே எழுதிக் கொண்டுபோனேன். அந்த ஆறு அடியில் நான் கற்றது அவ்வளவுதான். இரண்டு வருஷம் அப்படி எழுதினேன், பிடிபடவே இல்லை. கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உடைத்ததை அவனையே ஒட்டவைக்கச் சொல்லுங்கள், எடுத்த காசைக் கடைக்காரரிடம் அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அடிப்பதைவிட இதற்குத்தான் நேரமும் பொறுமையும் அதிகம் பிடிக்கும்.

கேள்வி: நிறவெறிக் காலத்தில் சித்திரவதை செய்தவர்களை உண்மை ஆணையம் மன்னித்து அனுப்பியது நியாயமா?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அந்தக் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைத்ததுதான் உண்மை ஆணையம். அது எல்லாரையும் மன்னிக்கவில்லை. செய்தது அரசியல் காரணத்துக்காக என்று காட்டி, முழு உண்மையையும் சொன்னவருக்கே பொதுமன்னிப்பு என்பதுதான் நிபந்தனை, வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. என் வருத்தம் அதற்கு அப்புறம் நடந்ததில். மன்னிப்பு கேட்காதவர்கள்மேலும் மன்னிப்பு கிடைக்காதவர்கள்மேலும் வழக்கு போட வேண்டியது அரசின் வேலை, அதை வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

நிறவெறியை எதிர்த்துப் போராடிய அகமது திமோல், போலீஸ் காவலில் இருந்தபோது 1971 அக்டோபரில் ஜோஹானஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று 1972-இல் எழுதி முடித்தார்கள். தன் பிள்ளை அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று அவர் அம்மா உண்மை ஆணையத்தின் முன் வந்து சொன்னார், தீர்ப்பைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். குடும்பம் விடவில்லை. 2017-இல் மறுவிசாரணை நடத்திய நீதிபதி, அவர் தள்ளப்பட்டார், இது கொலை என்றார். அந்த அறையில் இருந்ததாகச் சொன்ன முன்னாள் போலீஸ்காரர்மேல் 2018-இல் கொலை வழக்கு, 2021-இல் விசாரணை தொடங்கும் முன்பே அவரும் இறந்துபோனார். ஒருவரும் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. ஆனால் தற்கொலை என்று இருந்த இடத்தில் இப்போது கொலை என்று இருக்கிறது, அந்த ஒரு சொல்லை மாற்ற அவர்களுக்கு 46 வருஷம் ஆயிற்று.