அறுக்கிற டாக்டருக்கு ஆராய்ச்சி எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகரியிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நான் ஒன்று கொடுப்பதாக முடிவாகி, சென்னையில் ஒரு மருத்துவமனையில் பரிசோதனைகள் முடிந்துவிட்டன. போன வாரம் சர்ஜன் இன்னொரு படிவத்தை நீட்டினார். சிறுநீரகம் கொடுத்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சியாம். விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போடலாமாம். "அறுக்கிற டாக்டருக்கு ஆராய்ச்சி எதுக்குடா, உன்னை எலியாக்கப் பாக்கறாங்க" என்கிறார் மாமா. போடலாமா?

முரளி

அன்புள்ள முரளி,

மாமா சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் இந்தத் துறையில் அறுக்கிறவர்கள்தான் ஆராய்ச்சிக்குள் போக வேண்டியிருந்தது. ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக பிரெஞ்சு சர்ஜன் அலெக்சிஸ் கரேல் 1912-லேயே நோபல் வாங்கிவிட்டார். தையல் கைவசமாகியும், மனித உடலில் மாற்றுச் சிறுநீரகம் நிலைத்தது 1954 டிசம்பரில்தான். அத்தனை வருடம் குறுக்கே நின்றது, அடுத்தவர் உறுப்பை உடம்பு ஏற்க மறுப்பது. பாஸ்டனில் அந்த அறுவை சிகிச்சையைச் செய்த ஜோசப் மரே, பிளாஸ்டிக் சர்ஜன். போரில் தீக்காயம்பட்ட சிப்பாய்களுக்கு வேறொருவர் தோலை ஒட்டி, அது உதிர்வதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்விக்குள் வந்தார். உருவொத்த இரட்டையரில் ஒருவர் உறுப்பை மற்றவர் உடம்பு அந்நியமாகப் பார்க்காது என்பதால், முதலில் அவர்களிடம் செய்தார். ரொனால்ட் ஹெரிக் கொடுத்தார், ரிச்சர்ட் பெற்றார். உங்களைப் போன்ற சாதாரண அண்ணன் தம்பிக்கு அது கைகூடியது, உடம்பின் அந்த மறுப்பை அடக்கும் மருந்துகளால். அந்த மருந்துகளை நாய்களிடம் சோதித்துப் பார்த்த ராய் கால்னும் சர்ஜன்தான். நம் பக்கம் வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் வெற்றிகரமாகச் செய்துவிட்டார்கள்.

ரொனால்ட் அறுவை சிகிச்சைக்கு முன் ஒன்று கேட்டிருக்கிறார்: என் உடம்பை ஆயுள் முழுக்க இந்த மருத்துவமனை பார்த்துக்கொள்ளுமா? அப்படிப் பொறுப்பேற்க முடியாது என்றார், அவருடைய சிறுநீரகத்தை எடுக்கவிருந்த டாக்டர் ஹாரிசன். உடனே, உனக்கொன்று என்றால் இந்த அறையில் யாராவது கைவிடுவோமா என்றும் கேட்டாராம். அன்பான பதில்தான். ஆனால் கையில் எந்தக் கணக்கும் இல்லாத பதில். எந்த நோயும் இல்லாத ஒரு மனிதரை, அவருக்குத் துளியும் மருத்துவப் பலன் இல்லாமல் கீறுகிறார்கள். பின்னால் அவருக்கு என்ன ஆகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. (ரொனால்ட் 2010 வரை இருந்தார்.)

அந்தக் கணக்கை எடுத்தவர்களில் ஒருவர் டோரி செகெவ், அமெரிக்க உறுப்பு மாற்று சர்ஜன். 2010-ல் அவர் குழு 80,000-க்கும் மேற்பட்ட கொடையாளர்களின் பதிவுகளைப் பார்த்தது. அறுவை சிகிச்சையாகி 90 நாளுக்குள் இறந்தவர்கள் 10,000-க்கு 3 பேர். 2014-ல் வந்த ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதுவரை கொடையாளர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 'ஒன்றும் ஆகாது' என்று சொல்வது வழக்கம். சல்லடை போட்டுத் தேர்ந்தெடுத்த ஆரோக்கியசாலிகளைச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் அப்படித்தானே வரும்? இவர்கள் அதே அளவு ஆரோக்கியமான, கொடுக்காதவர்களோடும் ஒப்பிட்டார்கள். வாழ்நாளில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு, பொதுமக்களில் 10,000-க்கு 326. கொடுத்தவர்களில் 90. ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் 14. ஆபத்து குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. தன் தொழிலுக்கே சங்கடமான எண்ணை ஒரு சர்ஜனே வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இவை அமெரிக்க எண்கள். நகரிக்காரருக்கும் புத்தூர்க்காரருக்கும் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. உங்களிடம் நீட்டிய படிவம் நம் ஆட்களின் கணக்கை எடுப்பதற்காகத்தான் என்றால், நான் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் போடுவதற்கு முன் சிலவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிறுநீரகம் கொடுக்கும் ஒப்புதலும் ஆராய்ச்சி ஒப்புதலும் வேறு வேறு தாள். இரண்டாவதை மறுத்தாலும் அண்ணனின் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது, நடுவில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. புதிய மருந்தோ கூடுதல் ஊசியோ இருக்கிறதா, வெறும் கவனிப்பு மட்டுமா என்று கேளுங்கள். ஆங்கிலப் படிவமாக இருந்தால் தமிழிலோ தெலுங்கிலோ கேட்டு வாங்கி, மாமாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அப்புறம், வருடாவருடம் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவார்கள், அதை நகரியிலேயே செய்து முடிவை அனுப்பினால் போதுமா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சென்னைக்குப் போய்வந்தால் உங்களுக்கு ஒரு நாள் கூலி போகும்.