ஷாக் பெட்டியும் கேமராவும்: கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஆய்வு நெறிமுறைக் குழுவிலும் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். மனிதர்களை வைத்துச் செய்யும் சோதனைகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

செல்வி: மில்கிராம் சோதனையில் யாருக்கும் நிஜமாக ஷாக் அடிக்கவில்லையே மேடம். அப்புறம் என்ன தப்பு?

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் சோதனையில், பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஸ்விட்சைத் தட்டி மேலும் மேலும் பலமான ஷாக் கொடுக்கும்படி ஆராய்ச்சியாளர் சொல்வார். அந்த அறையில் இருந்தவர் ஷாக் வாங்குவது போல் நடித்தவர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்விட்சைத் தட்டியவருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனை அது. நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, 4 டாலரும் வழிச்செலவுக்கு 50 சென்ட்டும் தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்தார்கள். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். இந்த எண்ணிக்கைதான் பத்திரிகைகளில் ஓடியது.

இந்த முடிவைச் சொன்ன 1963ஆம் வருடக் கட்டுரையிலேயே மில்கிராம் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஸ்விட்சைத் தட்டியவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது, நாக்குக் குழறியது, உதட்டைக் கடித்தார்கள், நகத்தால் தங்கள் சதையையே அழுத்திக்கொண்டார்கள். 14 பேருக்கு அடக்க முடியாத ஒரு மாதிரிச் சிரிப்பு. மூன்று பேருக்கு வலிப்பு மாதிரியே வந்துவிட்டது. அதில் ஒருவர் 46 வயதுக்காரர், வீடு வீடாகக் கலைக்களஞ்சியம் விற்பவர். அவருக்கு உடம்பு அப்படி உதறியதால் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. வகுப்பில் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டினால், அதுவரை 65 சதவீதம் என்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

செல்வி மறுபடியும்: முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டார்களே?

எல்லாருக்கும் இல்லை. ஷாக் அவ்வளவு பலமானதல்ல என்று சமாதானம் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. முழு விவரம் அவர்களுக்குப் பிற்பாடு தபாலில் வந்த அறிக்கையில்தான் தெரிந்தது. யேல் இருக்கும் நியூ ஹேவன் பெரிய ஊரல்ல. விஷயம் வெளியே கசிந்தால் அடுத்து வருகிறவர் உஷாராகிவிடுவார் இல்லையா. அதுவரை ஒருவரைத் துன்புறுத்தினோம் என்ற நினைப்போடு வீட்டில் இருந்தவர்களை யோசித்துப் பாருங்கள். உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1964இலேயே இந்தச் சோதனையைக் கண்டித்து எழுதினார். பிற்பாடு கேட்டபோது பதில் தந்தவர்களில் 84 சதவீதம் பேர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றே சொன்னார்கள் என்பது மில்கிராமின் பதில். மற்றவர்களின் கணக்கு?

ரஃபீக்: பிரான்ஸில் இதையே டிவி நிகழ்ச்சியாகச் செய்தார்களாமே?

ஆமாம், 2010 மார்ச்சில் பிரான்ஸ் 2 சேனலில் வந்தது. புது விளையாட்டு நிகழ்ச்சியின் ஒத்திகைப் பதிவு, பரிசு கிடையாது என்று சொல்லி 80 பேரை உட்கார வைத்தார்கள். மில்கிராமின் சாம்பல் நிறக் கோட்டு ஆராய்ச்சியாளரின் இடத்தில் ஒரு தொகுப்பாளினி. தயங்கினால் அரங்கமே தண்டனை, தண்டனை என்று கூவும். 81 சதவீதம் பேர் கடைசி வரை போனார்கள். டிவியின் அதிகாரத்தை அம்பலப்படுத்தத்தான் செய்தோம் என்றார்கள். எனக்கு அந்த நியாயம் ஒட்டவில்லை. மில்கிராமின் ஆட்கள் பெரும்பாலும் வெறும் எண்களாகத்தான் தெரிந்தார்கள். இவர்களையோ, தங்கள் வாழ்வின் மோசமான அரைமணி நேரத்தில், ஊரே முகத்தைப் பார்த்தது.

ஜெயந்தி: ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை?

1971 ஆகஸ்ட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் போலிச் சிறை ஒன்றை அமைத்து, மாணவர்களில் சிலரைக் கைதிகளாகவும் சிலரைக் காவலர்களாகவும் நடிக்க வைத்தார்கள். நாளுக்கு 15 டாலர். இரண்டு வாரம் என்று தொடங்கி ஆறு நாளில் நின்றது. ஆய்வை நடத்திய உளவியலாளர் ஃபிலிப் ஜிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளர் வேடமும் போட்டார். நிறுத்தச் சொல்ல வேண்டியவரே ஆட்டத்துக்குள் இருந்தால் யார் நிறுத்துவது? அவருடைய காதலியும் உளவியலாளருமான கிறிஸ்டினா மாஸ்லாக் வந்து பார்த்துச் சண்டை போட்ட பிறகுதான் ஜிம்பார்டோவுக்கு உறைத்தது. காவலர்கள் தானாகவே கொடூரமானார்கள் என்ற கதை டிவிக்கு வசதியாக இருந்தது. இன்னும் கடுமையாக இரு என்று ஆய்வை நடத்திய தரப்பிலிருந்தே ஒரு காவலரிடம் வற்புறுத்தும் ஒலிப்பதிவு வெளியே பேசப்பட ரொம்ப காலம் ஆயிற்று.

முரளி: ஃபேஸ்புக்கும் ஏதோ செய்ததே?

2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரை வைத்து ஒரு சோதனை. நாம் பார்க்கும் பதிவுகள் நம் மனநிலையை மாற்றுமா என்று பார்க்க, அவர்களில் ஒரு பகுதியினரின் நியூஸ் ஃபீடில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டினார்கள். கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொண்ட விதிமுறைகளே சம்மதம் என்று வைத்துக்கொண்டார்கள். 2014இல் கட்டுரை வந்ததும் கொந்தளிப்பு. வெளியிட்ட ஆய்விதழே கவலை தெரிவித்துக் குறிப்புப் போட்டது.

கார்த்திக்: நான் எம்.எஸ்சி. மாணவன் மேடம். பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுவது மாதிரி நடித்து, யார் உதவுகிறார்கள் என்று படம் பிடித்து, ப்ராஜெக்டாகவும் யூடியூப்பிலும் போடலாமா?

இதே திட்டம் எங்கள் குழுவுக்கு ஒருமுறை வந்தது தம்பி. "ஓடி வருகிறவர் இதய நோயாளியாக இருந்தால்?" என்று கேட்டேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நடிப்பை விட்டுவிட்டு, இதுபோல் ஒரு கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்கிற ஆய்வாக மாற்றிக்கொண்டான்.

நீங்களும் முதலில் கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் கொடுங்கள், ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதலில் சமூக, நடத்தை ஆய்வுகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆய்வுக்குச் சம்மதித்தவர் வீடியோவுக்கும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத் தனியாகக் கையெழுத்து வேண்டும். உதவாமல் தாண்டிப் போனவரின் முகத்தை யூடியூப்பில் போடவே போடாதீர்கள். அவர் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம்.