மென்பொருள் அப்புறம், முதலில் சரக்கு போகும் வழி

அம்மா, மகன் பி.காம். முடிக்கப் போகிறான், சென்னையில் எஸ்ஏபி (கம்பெனிகள் கணக்கு, கொள்முதல், சரக்கு எல்லாவற்றையும் பார்க்கும் மென்பொருள்) கோர்ஸில் சேர்க்க நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கோர்ஸில் குறை இல்லை. எந்த வேலைக்கு அந்த மென்பொருள் என்று பையனுக்கு இன்னும் தெரியாது, அதுதான் காரணம்.

வேலையின் போக்கைப் பார்க்காமல் கம்ப்யூட்டரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1980களில் அமெரிக்காவின் ஃபோர்டு கார் கம்பெனியில், உதிரிபாகம் அனுப்பியவர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டு 400 ஆக்கலாம் என்று திட்டமிட்டார்கள். ஜப்பானின் மாஸ்டா கார் கம்பெனியில் பார்த்தால் அந்த வேலைக்கு 5 பேர்தான். மாஸ்டா சின்ன கம்பெனி, சரி. ஆனாலும் இவ்வளவு வித்தியாசமா? ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, பில் மூன்றும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று துருவுவதிலேயே ஃபோர்டு ஆட்களின் பொழுது போயிருக்கிறது. கடைசியில் பில்லே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வந்த சரக்கு ஆர்டரோடு ஒத்துப்போனால் பணம் போகும், இல்லையென்றால் சரக்கு திரும்பிப் போகும். பிரிவில் 75 சதவீதம் ஆள் குறைந்தது. கம்ப்யூட்டர் அங்கேயும் வந்தது, வேலையின் போக்கை மாற்றிய பிறகு.

இதைப் படித்ததும் உங்களுக்குப் பயம் வரும். பில் சரிபார்க்கும் வேலைதான் போனது. எது தேவையில்லை என்று கண்டு சொல்லும் ஆளுக்குத்தான் இனி மதிப்பு. மகன் அந்த ஆளாக வேண்டும் என்பதே என் ஆசை.

அதற்குச் செலவில்லாத ஒரு பயிற்சி இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழை வெட்டும் நாளில் அவனை அனுப்புங்கள். தார் எத்தனை மணிக்கு வெட்டினார்கள், எத்தனை கை மாறியது, லாரி வரும்வரை வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தது, எந்த இடத்தில் காய் நசுங்கியது என்று ஒரு தாளில் எழுதட்டும். நான்கு முறை ஏற்றி இறக்கும் தாரை ஆப்பில் பின்தொடர்ந்தால், நசுங்குவது திரையில் தெரியுமே தவிர நிற்காது. அந்த நான்கில் இரண்டு முறையைக் குறைக்க வழி கண்டுபிடித்தால், அப்புறம் ஆப் உதவும்.

அது முடிந்ததும் கங்கைகொண்டான் சிப்காட்டிலோ தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய குடோன்களிலோ பயிற்சியாளர் இடம் தேடலாம். சம்பளம் குறைவாகவே இருக்கும். ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஏபி அதன்பிறகு படித்தால் திரையில் வரும் ஒவ்வொரு கட்டமும் அவனுக்குக் குடோனில் பார்த்த ஓர் இடமாகத் தெரியும்.

களக்காட்டில் எழுதிய தாளோடு அவனை என்னிடம் அனுப்புங்கள், அம்மா. உட்கார்ந்து பார்ப்போம்.