ரங்கூனுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊர் மனதில் ஒட்டவே இல்லை. என்ன செய்தால் ஒட்டும்?

கம்பெனி எடுத்துக்கொடுத்த லிஃப்ட் வைத்த கட்டடத்தில், ஏசிக்குள்ளே இருக்கிறீர்கள் என்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போங்கள், ஏரிக்கரையில் நடங்கள் என்று சொல்ல ஆளுண்டு. சுற்றுலா வருகிறவரும் அங்கேதான் போகிறார், அவருக்கு ஊர் ஒட்டிவிடுகிறதா?

டவுனுக்குக் குடி வாருங்கள். பபேடான், லத்தா, போட்டடாங், எதுவானாலும் சரி. லிஃப்ட் இருக்காது. மாடி ஏற ஏற வாடகை இறங்கும். ஆனால் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ மொத்தமாக முன்பணமாகக் கேட்பார்கள். அதனால் கையெழுத்துக்கு முன்னால் பார்க்கவேண்டியதைப் பாருங்கள்.

முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீர் தானாக மேலே ஏறாது, மோட்டார்தான் இழுக்கிறது. கரண்ட் போனால் தண்ணீரும் போச்சு. மோட்டார் உங்களுக்குத் தனியா, பொதுவா, தொட்டி எங்கே, ஏப்ரலில் எப்படி வந்தது என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள், கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீட்டுக்குள் பெரிய டிரம் ஒன்று எப்போதும் நிரம்பியிருக்கட்டும்.

அடுத்து, சமையலறை ஜன்னலைத் திறந்து பின்பக்கச் சந்துக்குள் குனிந்து பாருங்கள். மேலிருந்து வீசிய குப்பை குவிந்திருந்தால் அடியில் சாக்கடை அடைத்திருக்கிறது. மே கடைசியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை அந்த நாற்றமும் கொசுவும் உங்களுடையதுதான். கடைசி மாடி என்றால் கூரையைப் பாருங்கள். ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே ஒழுகுகிறது.

குடி வந்ததும் பால்கனியிலிருந்து கயிறு கட்டுங்கள். சிரிக்க வேண்டாம், இந்த ஊரில் அதுதான் காலிங் பெல். மெல்லிய நைலான் கயிறு வாங்குங்கள், பருத்தி ஒரு மழைக்காலத்திலேயே இற்றுவிடும். மேல்முனையில் மணி, அது வீட்டுக்குள் கேட்கவேண்டும். கீழ்முனையில் காகிதம் கவ்வும் பெரிய இரும்பு கிளிப். கீழே நிற்பவர் இழுத்தால் மணி அடிக்கும், நீங்கள் எட்டிப் பார்த்து சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்கலாம். பேப்பர், பில் எல்லாம் அதே வழியில் மேலே வரும். முனை ஆள் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் நிற்கட்டும். அதற்கும் கீழே தொங்கினால் போகிற வண்டியில் மாட்டும், சின்னப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். தெருப்பக்கம் தள்ளிக் கட்டாமல் தூணோடு ஒட்டிக் கட்டுங்கள். காய்கறிக்கு இந்தக் கயிறு வேண்டாம், கனத்துக்கு கிளிப் வழுக்கி தக்காளி தெருவில் சிதறும். அதற்குக் கூடையோடு இன்னொரு கயிறு. கயிறு தொங்கத் தொடங்கிய பிறகுதான் அக்கம்பக்கம் உங்களைக் குடியிருப்பவராக எண்ணும்.

டீக்கடையில் 'டீ' என்று மட்டும் கேட்காதீர்கள். பால் தூக்கலாக, இனிப்பாக வேண்டுமானால் 'சோ செய்ன்', கடுப்பாக வேண்டுமானால் 'ச்ச செய்ன்'. மேசையிலிருக்கும் வெறும் தேநீர்க் கெண்டி இலவசம். ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போங்கள். கடை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒருவரும் உங்களை ஞாபகம் வைக்கமாட்டார்கள்.

முகவரி சொல்லும்போது தெரு எண் மட்டும் போதாது. போஜோக் சாலையிலிருந்து அனோரத்தா சாலை வரை மேல்பிளாக், அனோரத்தாவிலிருந்து மகாபந்துலா சாலை வரை நடுபிளாக், அதற்குக் கீழே கீழ்பிளாக். இதைச் சொல்லாவிட்டால் டாக்ஸி உங்களைத் தெருவின் மறுகோடியில் இறக்கிவிடும். நம் பெரியவர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்: அனோரத்தா அவர்களுக்கு பிரேசர் ஸ்ட்ரீட், மகாபந்துலா டல்ஹவுசி, ஷ்வேபொன்தா மொகல் ஸ்ட்ரீட். 1871-ல் நம்மவர்கள் கட்டிய காளி கோயிலும் அந்த அனோரத்தாவில்தான், கொன்சேடான் தெரு முனையில்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோயில் வாசலில் வைத்தே, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பர்மாத் தமிழர்களான எங்களைக் கேட்கிறார்கள்: "64-ல் எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்களே, நீங்கள் ஏன் போகவில்லை?" கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, ஐம்பது, நூறு கியாட் நோட்டு 1964-ல் செல்லாமல் போனது, எல்லாம் எங்களுக்கும் தெரியும். போனவர்களைக் குறை சொல்லவில்லை. இருந்தவர்களுக்கு இங்கே வயல் இருந்தது, மாடு இருந்தது, சம்பந்தி வீடு இருந்தது. 1982 குடியுரிமைச் சட்டம் வந்து அட்டையை முழுக் குடியுரிமைக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடியுரிமைக்கு நீலம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவருக்குப் பச்சை என்று மூன்று நிறமாகப் பிரித்தது. பச்சை அட்டைக்காரரும் இதே தெருவில்தான் கயிறு கட்டியிருக்கிறார். இந்தக் கேள்வியை மட்டும் நீங்கள் யாரிடமும் கேட்காதீர்கள், பாதி வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

இன்னொன்று. இரவு தங்க வருகிறவர்களை வட்டார அலுவலகத்தில் பதியவேண்டும், 2021 பிப்ரவரியில் அந்த விதி திரும்ப வந்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். அம்மாவை வரவழைக்கப் போகிறீர்கள் என்றால், வீட்டுக்காரரிடம் பேசி முடித்த பிறகு டிக்கெட் எடுங்கள்.