ஏழரை அங்குலத்துக்கு எட்டு வருட வழக்கு: பக்கத்து வீட்டுச் சொத்துத் தகராறு, கேள்வி பதில்

தாலுகா ஊர் ஒன்றில் 27 வருடமாக சிவில் பக்கம் வக்கீல் தொழில் செய்கிறேன். என் மேசைக்கு வரும் கட்டுகளில் பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுச் சண்டைதான். சுவர், சந்து, சாக்கடை, தென்னை மரம். வந்த கேள்விகளைச் சுருக்கி, ஆள் அடையாளம் தெரியாமல் தந்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறைக்கு.

சார், 40க்கு 60 மனை வாங்கி 2016ல் காம்பவுண்டு கட்டினோம். பக்கத்து மனையைப் போன வருடம் வாங்கியவர் தனியார் சர்வேயரை வைத்து அளந்துவிட்டு, எங்கள் சுவர் முக்கால் அடி அவர் இடத்தில் இருக்கிறது, இடி என்கிறார். தினமும் வாசலில் வந்து சத்தம். என்ன செய்வது?

அவர் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் காகிதத்தைச் சேர்த்து வையுங்கள். உங்கள் கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், மனைப்பிரிவு வரைபடம், புலப்படம் (எஃப்எம்பி என்கிற அரசு நில அளவைப் படம்). அவருடைய பத்திரத்தின் நகலையும் வாங்குங்கள். வில்லங்கச் சான்று போட்டால் ஆவண எண் கிடைக்கும். அதை வைத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு செய்தால் சான்றிட்ட நகல் தருவார்கள், அவரிடம் கேட்க வேண்டியதில்லை.

என்னிடம் வந்த ஒரு கட்டைச் சொல்கிறேன். பத்திரத்தில் கிழமேல் 40 அடி. புலப்படத்தில் அதே கோட்டுக்கு 12.0 மீட்டர் என்று முழுதாக்கிப் போட்டிருந்தது. 40 அடி என்றால் 12.19 மீட்டர். 12 மீட்டரை அடியாக்கினால் 39 அடி நாலரை அங்குலம்கூட வராது. வித்தியாசம் ஏழரை அங்குலம். சனி பிடித்தாலாவது ஏழரை வருடத்தில் விட்டுவிடும், இவர்கள் அந்த ஏழரை அங்குலத்துக்கு எட்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். பழைய புலப்படமாக இருந்தால் அளவு லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் என்பது 66 அடி. அதை அடி என்று நினைத்து அளந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தத் தனியார் சர்வேயர் எந்தப் படத்தை வைத்து, எந்தக் கல்லிலிருந்து நாடா பிடித்தார் என்று முதலில் கேளுங்கள். அவர் வரைந்த படம் உங்களைக் கட்டுப்படுத்தாது.

அப்புறம், நீங்களே அரசு நில அளவைக்கு விண்ணப்பம் போடுங்கள். இணையத்திலேயே போடலாம். பக்கத்து நிலத்தாருக்கும் நோட்டீஸ் போகும். அளக்கிற அன்று கட்டாயம் நேரில் நில்லுங்கள். எந்தக் கல்லை ஆதாரமாக எடுக்கிறார், அந்தக் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஜேசிபி ஓடிய தெருவில் கல் நகர்ந்திருக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அதற்கும் அவர் அடங்காமல் கோர்ட்டுக்குப் போனால், சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9ன் கீழ் வழக்கறிஞர் ஆணையரைப் போடச் சொல்லி மனு செய்யலாம். அவர் அரசு சர்வேயரோடு வந்து அளந்து அறிக்கை கொடுப்பார். இன்னொன்று: பத்திரத்தில் சொன்ன அளவும் செக்குபந்தியும் (நான்கு பக்க எல்லை விவரம்) முரண்பட்டால் பொதுவாக நான்கு எல்லைதான் நிற்கும், சதுர அடி நிற்காது.

எங்கள் சுவர் கட்டி 14 வருடம் ஆகிறது. 12 வருடம் தாண்டினால் இடம் நமக்கே என்கிறார்களே?

பாதி உண்மை. காலவரையறைச் சட்ட அட்டவணையின் 65ஆவது உறுப்புப்படி தனியார் நிலத்துக்கு 12 வருடக் கணக்கு உண்டு. ஆனால் எதிரிடை அனுபவம் என்று சொல்கிறவர், ‘இது உன் இடம்தான், உனக்கு எதிராக, உன் கண் முன்னாலேயே நான் அனுபவித்தேன்’ என்று சொன்னதாகத்தான் அர்த்தம். வாயைத் திறந்த உடனே ‘12 வருடம் ஆச்சு’ என்றால், இடம் எதிராளியுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. பத்திரமும் அளவும் உங்கள் பக்கம் இருந்தால் அதில் நில்லுங்கள். அரசு புறம்போக்கில் நிற்கிற சுவருக்கு 12 செல்லாது, 30 வருடம்.

பக்கத்து வீட்டு சன்ஷேடு எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீர் முழுக்க எங்கள் சமையலறைச் சுவரில் விழுந்து உள்ளே பூசணம் பூத்துவிட்டது. சொன்னால், ‘எங்கப்பா காலத்திலிருந்து விழுகிறது’ என்கிறார். வீடு கட்டி 17 வருடம்.

அம்மா, 17 என்று எழுதியதற்கு நன்றி. இந்தக் கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1882ஆம் வருட ஈஸ்மெண்ட் (அடுத்தவர் நிலத்தின் மேல் உள்ள வசதி உரிமை) சட்டம் 15ஆவது பிரிவு, ஒருவர் 20 வருடம் வெளிப்படையாக, சமாதானமாக, உரிமையாகவே, இடையூறில்லாமல் அனுபவித்தால் அது உரிமையாகிவிடும் என்கிறது. அவருக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. ‘அப்பா காலம்’ என்கிறாரே, வீடே 17 வருடத்து வீடு. பழைய ஓட்டு வீட்டுத் தண்ணீரும் உங்கள் பக்கம்தான் விழுந்தது என்று அவர் கதை கட்டலாம். அதனால் அவர் வீட்டுத் திட்ட அனுமதி நகலுக்கு இப்போதே உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.

உறவு கெடாமல் முடிக்கவும் ஒரு வழி உண்டு. உங்கள் அனுமதியின் பேரில்தான் தண்ணீர் விழுகிறது, கேட்கும்போது குழாய் வைத்துத் திருப்பிவிடுகிறேன் என்று அவரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அனுமதியோடு அனுபவித்தது எத்தனை வருடம் ஆனாலும் உரிமையாக முளைக்காது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். ஆனால் நோட்டீஸ் மட்டும் அந்த 20 வருட ஓட்டத்தை நிறுத்தாது. அவர் கண்டுகொள்ளாவிட்டால் 20 முடிவதற்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். மூன்று வருடம் இருக்கிறதே என்று தூங்கிவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் மாடிக்கு வந்துவிட்டது. வெட்டலாமா?

ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உங்கள் எல்லைக்குள் வந்த கிளையை மட்டும் வெட்டுங்கள். அவர் பக்கம் கால் வைக்கக் கூடாது. அதில் இருக்கும் காய் அவருடையது. (என் அனுபவத்தில் காயைத் திருப்பிக் கொடுத்தவர்கள் யாரும் கோர்ட்டுக்கு வந்ததில்லை.) தென்னை, வேம்பு மாதிரிப் பெரிய மரத்தின் வேர் சுவரைப் பிளந்திருந்தால் விஷயம் வேறு. தேதியோடு போட்டோ எடுத்து, ஒரு பொறியாளரிடம் அறிக்கை வாங்கி, நஷ்டஈடு கேட்டு எழுதுங்கள்.

அண்ணா, 30 வருடமாக நாங்கள் நடந்த சந்துப் பாதையை ராத்திரியோடு ராத்திரியாக ஹாலோபிளாக் வைத்து அடைத்துவிட்டார். தம்பி கடப்பாரை எடுத்துக்கொண்டு நிற்கிறான். இடிக்கலாமா?

கடப்பாரையை முதலில் வாங்கி உள்ளே வையுங்கள். ஈஸ்மெண்ட் சட்டம் 36ஆவது பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கும். பாதை உரிமை உள்ளவர், அடைப்பைத் தானே நீக்கக் கூடாது. இன்று சுவரை இடித்தால் நாளைக்கு அவர் புகார்தாரர், உங்கள் தம்பி குற்றம் சாட்டப்பட்டவர். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் ஸ்டேஷனில் நீங்கள்தான் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.

இரண்டில் எது என்று பத்திரத்தைப் பாருங்கள். சந்து உங்கள் பெயரிலேயே இருக்கிறதா, அவர் நிலத்தில் நடக்கிற உரிமை மட்டுமா? உங்கள் அனுபவத்தில் இருந்த இடத்தையே பிடுங்கியிருந்தால் குறித்த பரிகாரச் சட்டம் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 6ஆவது பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதில் யார் சொந்தக்காரர் என்ற ஆராய்ச்சியே கிடையாது, யார் கையில் இருந்தது, யார் சட்டப்படி இல்லாமல் பிடுங்கினார் என்பது மட்டும்தான். பஞ்சாயத்து பேசுகிறேன் என்று ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டு ஆறாவது மாதக் கடைசியில் வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். நடக்கும் உரிமை மட்டும் என்றால் அடைப்பை நீக்கச் செயலுறுத்துக் கட்டளை (செய்யச் சொல்லும் கோர்ட் உத்தரவு) கேட்கலாம். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பழைய போட்டோவில் பின்னால் தெரியும் சந்து, எல்லாமே சாட்சிதான். சொந்தக்காரர்களை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தால் ஓணானுக்கு வேலி சாட்சி என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

போலீசில் கொடுத்தால் ‘சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

எல்லை எது என்று போலீஸ் தீர்மானிக்க முடியாது, அதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் மிரட்டினார், அடித்தார், கல்லைப் பிடுங்கினார் என்றால் அது சிவில் இல்லை. அந்த ஒரு சம்பவத்தை மட்டும், தேதி நேரத்தோடு, ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) வாங்குங்கள். தாத்தா காலத்து நிலக் கதையை அந்த மனுவில் சேர்த்தால் மறுபடி ‘சிவில் மேட்டர்’தான்.

பட்டா அவர் பெயரில் எங்கள் இரண்டு சென்ட்டையும் சேர்த்து வந்திருக்கிறது. நிலம் போய்விட்டதா?

போகாது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, அதுவே உடைமை உரிமை தராது. எண்பதுகளில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது (யூடிஆர்) விழுந்த பிழைகள் இன்னும் பல ஊர்களில் அப்படியே இருக்கின்றன. திருத்தம் கேட்டு மனு கொடுங்கள். பட்டா விஷயத்தில் தாசில்தார் உத்தரவு பிடிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர். ஆனால் அவர் ‘நிலமே என்னுடையது’ என்று நிற்கிறார் என்றால் வெறும் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) வழக்கு போதாது, உரிமை விளம்புகையும் (நிலம் என்னுடையது என்று கோர்ட் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2008ல் அனத்துல சுதாகர் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோர்ட் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று உறுத்துக்கட்டளை மட்டும் போட்டு, பத்து வருடம் கழித்துத் தோற்றவர்கள் உண்டு.

அவர் மாடி கட்டுவதால் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளிச்சமே வராது. தடுக்கலாமா? வீடு கட்டி 6 வருடம்.

வெளிச்சத்துக்கும் அதே 20 வருடக் கணக்குதான். 6 வருடத்தில் முடியாது. ஆனால் அவர் பக்க இடைவெளி விட்டுக் கட்டுகிறாரா, அனுமதி வாங்கினாரா என்று பாருங்கள். மீறல் இருந்தால் உள்ளாட்சிக்கும் திட்டக் குழுமத்துக்கும் எழுதுங்கள். 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆவது பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் இடிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அஸ்திவாரம் தோண்டும்போதே எழுத வேண்டும். கூரை போட்டு கிரகப்பிரவேசச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்தால், ‘இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?’ என்றுதான் நீதிபதி கேட்பார்.

எங்களுக்குத் தலைகீழ். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாரம் ஒரு புகார் போடுகிறார். மாநகராட்சி, மின்வாரியம், கலெக்டர் மனுநீதி நாள் என்று ஒன்றையும் விடவில்லை. நாங்கள் எந்த மீறலும் செய்யவில்லை, மாடிப்படி மட்டும் கொஞ்சம்...

அந்த ‘கொஞ்சம்’தான் அவருடைய மூலதனம். முதலில் படியை அனுமதிக்குள் கொண்டுவாருங்கள். வருகிற ஒவ்வொரு நோட்டீஸுக்கும் கெடு தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். ‘நேரில் சொல்லிவிட்டேன் சார்’ என்பது பதில் ஆகாது. ஆய்வுக்கு வந்தவர் விதிமீறல் இல்லை என்று எழுதினால் அந்தக் குறிப்பின் நகலை வாங்கி வையுங்கள். நாலைந்து சேர்ந்தால் அடுத்த புகாருக்கு அதுவே பதில். அவர் கோர்ட்டுக்குப் போய் உங்கள் காதில் விழாமல் தடை வாங்கிவிடுவாரோ என்ற பயம் இருந்தால் கேவியட் மனு (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்கிற முன்மனு) போடுங்கள். 90 நாளுக்கு உயிர் இருக்கும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

அவரிடம் ஒரு தடவை நேரில் உட்கார்ந்து பேசினீர்களா? வாரம் ஒரு மனு எழுதுகிற பெரியவருக்குப் பேச ஆள் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊரில் காலி மனை. பக்கத்தில் இருப்பவர் வேலியைத் தள்ளிப் போட்டு வாழை வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

காலி மனைக்கு வேலி போடாததுதான் முதல் தப்பு. நம்பகமான ஒருவருக்கு, மனையைப் பார்த்துக்கொள்ளவும் வழக்கு நடத்தவும் மட்டும் பவர் கொடுங்கள், விற்கிற அதிகாரம் அதில் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வாழை எந்த வருடம் வைத்தது என்பதை இப்போதே நிச்சயப்படுத்துங்கள், மேலே சொன்ன 12 வருடம் உங்களுக்கு எதிராகவும்தான் ஓடுகிறது.

அவர்கள் செப்டிக் டேங்க் எங்கள் கிணற்றிலிருந்து ஆறடியில். தண்ணீர் நாறுகிறது.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து அறிக்கையை வாங்கிக்கொண்டு, உள்ளாட்சி சுகாதாரப் பிரிவில் கொடுங்கள். 1939ஆம் வருடப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இதற்கு வழி உண்டு. அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

வழக்கு போட்டால் எத்தனை வருடமோ? வேறு வழியே இல்லையா சார்?

உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஒத்துவந்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) கையெழுத்தானால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அப்படி முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

போன வருடம் அப்படி ஒன்று. கூரைத் தண்ணீர்த் தகராறு, இரண்டு வீட்டுக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அங்கே இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி சட்டம் எதுவும் பேசவில்லை. ஒரு காகிதத்தில் இரண்டு கூரையையும் வரைந்து, ‘இங்கே ஒரு நாலு அங்குல பிவிசி பைப் வைத்தால் தண்ணீர் தெருவுக்குப் போகுமா, போகாதா?’ என்று கேட்டார். போகும் என்றார்கள். செலவு பாதிப் பாதி என்பதற்கு ஐந்து நிமிடத்தில் ஒத்துக்கொண்டார்கள். பைப்பை யார் சுவரில் அடிப்பது என்பதற்குத்தான் இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது.